பழைய இசைத்தட்டும் பழைய நினைவும்

ஒலியானது தோன்றிய கணத்திலேயே மறையும் இயல்பினது. ஓவியமும் சிற்பமும் தம்மைப் படைத்தோர் மறைந்த பின்னரும் நின்று நிலவுவன. பாட்டோ, பாடினோன் வாய் மூடிய அளவிலே காற்றொடு கலந்துவிடுவது. நம் முன்னோர் பாட்டின் சொற்களை ஏட்டில் எழுதிவைத்தனர். பண்ணின் பெயரையும் குறித்துவைத்தனர். ஆயின், பாடிய குரலைப் போற்றிவைக்கும் வழியை அவர் அறிந்திலர். அவ்வழியை 1877-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு எடிசன் என்பார் கண்டார். வெள்ளீயத் தகடு சுற்றிய உருளையொன்றில் அவர் ஒலியைப் பதித்தார். பத்தாண்டு கழித்து, 1887-இல், எமில் பெர்லினர் என்பார் உருளைக்கு மாறாகத் தட்டையான வட்டில் ஒலியைப் பதிக்கும் முறையை வகுத்தார். அதன் வழித் தோன்றியதே நாம் இசைத்தட்டு என்று வழங்குவது.

முற்காலத்துத் தட்டுக்கள் அரக்கினால் ஆயவை. அவ்வரக்கில் பெரும்பகுதி நம் இந்திய நாட்டுக் காடுகளிலிருந்தே மேனாட்டிற்குச் சென்றது. அத்தட்டுக்கள் நிமிடத்திற்கு ஏறக்குறைய 78 முறை சுழல்வன. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். 1948-இல் கொலம்பியா கழகத்தார் வினைல் என்னும் செயற்கைப் பொருளாலாகிய நெடுந்தட்டை வெளியிட்டனர். அது நிமிடத்திற்கு 33⅓ முறையே சுழலும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேலும் பாட்டைத் தாங்கும். அதன்மேல் எண்ணிறந்த கோடுகள் இருத்தல்போலத் தோன்றினும், உண்மையில் ஒரு பக்கத்திற்கு ஒரே கோடுதான் உண்டு. விளிம்பில் தொடங்கி நடுவண் நோக்கிச் சுருள் சுருளாகச் செல்லும் அம்மெல்லிய பள்ளத்தை நீட்டி அளப்பின், அது ஏறத்தாழக் கால் மைல் நீளும். பள்ளத்தின் சுவர்கள் பாடுவோர் குரலுக்கேற்ப நெளிந்து செல்கின்றன. ஊசி அந்நெளிவின்வழி அசைகின்றது. அவ்வசைவு மின்னாற்றலாக மாறி, ஒலிபெருக்கியில் மீண்டும் குரலாக எழுகின்றது.

ஆகவே, தட்டில் இருப்பது நெளிந்த பள்ளம் ஒன்றே. அங்ஙனமாகவும், பல்லாண்டு கழித்துப் பழைய பாப் இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டுக் கேட்பார் பலர், பாட்டை மட்டுமோ கேட்கின்றனர்? அற்றை நாளில் வாழ்ந்த வீடும், உடன் இருந்த நண்பரும், சன்னல் வழியாக வீசிய காற்றும் அவர்முன் வந்து நிற்கின்றன. சிலர் முகம் மலர்கின்றனர். சிலர் கண் கலங்குகின்றனர். இந்நினைவு தட்டில் உளதா, கேட்பார் நெஞ்சில் உளதா? இவ்வினாவை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா இசைத்தட்டினும் பழைமையுடையது. ஊர் நினைந்து வாடும் துன்பத்திற்கு மேனாட்டார் இன்று வழங்கும் ‘நாஸ்டால்ஜியா’ என்னும் பெயரை, 1688-இல் பாசல் நகரத்து மருத்துவ மாணவராகிய ஜோகன்னஸ் ஹோஃபர் என்பார் தம் ஆராய்ச்சி உரையில் படைத்தார். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. அந்நோய்க்குப் பெரிதும் ஆளாயினோர், பிற நாட்டுப் படைகளிற் கூலிக்குப் பணிபுரிந்த சுவிட்சர்லாந்து மறவர் என்ப. அவர்தம் மலைநாட்டில் ஆயர் ஆனிரையை அழைத்தற்குப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அதனைக் கேட்டால் மறவர் அழுதும், படையை விட்டு ஓடியும், உயிர் துறந்தும் போவராதலின், அவர் நடுவே அதனை இசைத்தல் மரண தண்டனைக்குரிய குற்றமாக விலக்கப்பட்டிருந்தது என்று ரூசோ என்னும் அறிஞர் 1768-இல் வெளிவந்த தம் இசை அகராதியிற் குறிக்கின்றார். அவ்வளவு ஆற்றல் அப்பாட்டின் பண்ணில் உண்டோ என்று ஆராய்ந்த அவர், இல்லை என்றே முடிவு கூறினார். பிற நாட்டார் அதனைக் கேட்டு யாதொரு மாறுதலும் அடையாமையின், அங்கு வேலை செய்வது இசையன்று, இசையோடு ஒட்டிக்கொண்ட பழைய வாழ்வே என்பது அவர் கருத்து.

இவ்வுண்மை தமிழ்ப் புலவர்க்குப் புதியதன்று. ‘பொழுதுகண்டிரங்கல்’ என்னும் அதிகாரத்தில், திருவள்ளுவர் ஆயன் குழலை மாலைப்பொழுதிற்குத் தூதாகவும், தலைவியைக் கொல்லும் படையாகவும் உரைக்கின்றார். குழல் என்றும் உள்ள குழலே. தலைவன் உடனிருந்த நாளில் அவளுக்கு இனித்த அதுவே, அவன் பிரிந்தபின் படையாயிற்று. மாறியது குழலன்று, கேட்பாள் நிலையே.

இக்காலத்து உளநூலாரும் இதனை வேறு வழியால் ஆராய்ந்துள்ளனர். ஒரு செய்தி நெஞ்சிற் பதியும்போது அதனோடு உடன் பதிந்த குறிப்பே பின்னர் அச்செய்தியை எழுப்ப வல்லது என்று 1973-இல் டல்விங், தாம்சன் என்னும் இருவர் விளக்கினர். பாட்டு அத்தகைய குறிப்புக்களில் தலையாயது. நாம் படிக்கும்போதும், உண்ணும்போதும், வண்டியிற் செல்லும்போதும் அது நம்மை அறியாமலே உடன் ஒலித்து, அந்நேரத்து நிகழ்ச்சியோடு பின்னிக்கொள்கின்றது. கலிபோர்னியாவில் பெட்ர் ஜனாட்டா என்பாரும் அவர் துணைவரும், கல்லூரி மாணவர்க்கு அவர்தம் இளமையில் பெருவழக்கிலிருந்த பாட்டுக்களின் சிறு பகுதிகளைக் கேட்பித்து, 2007-இல் தம் முடிபை வெளியிட்டனர். சராசரியாக நூற்றுக்கு முப்பது முறை அப்பாட்டுக்கள் கேட்போரின் சொந்த வாழ்க்கை நினைவை எழுப்பின. எஞ்சிய முறைகளில் பாட்டு வெறும் பாட்டாகவே நின்றது. எல்லாப் பாட்டும் எல்லார்க்கும் திறவுகோல் ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

அன்றியும், முதியோரை நோக்கி அவர்தம் வாழ்வில் நிகழ்ந்தவற்றைக் கூறுமாறு கேட்பின், ஏறக்குறையப் பத்து வயதிற்கும் முப்பது வயதிற்கும் இடைப்பட்ட காலத்து நிகழ்ச்சிகளையே அவர் மிகுதியாகக் கூறுவர் என்பதும் ஆராய்ச்சியாற் கண்டதொன்று. முதல் நட்பும், முதல் ஊதியமும், முதற் பிரிவும் பெரும்பாலும் அப்பருவத்தே நிகழ்வன. அந்நாளிற் கேட்ட பாட்டே ஒருவர்க்கு ஆயுள் முழுதும் தம் பாட்டாக நிற்கின்றது.

இதுகாறும் கூறியதற்குச் சான்றாக ஓர் இசைத்தட்டின் வரலாற்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். நம் வேதாகமத்தின் 137-ஆம் சங்கீதத்தை அறியாதார் நம்மிற் சிலரே. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனுக்குச் சிறையாகச் சென்ற யூதர், ஆற்றங்கரையில் அமர்ந்து சீயோனை நினைந்து அழுததையும், தம் கின்னரங்களை மரங்களில் தொங்கவிட்டதையும், சிறைபிடித்தோர் பாடச்சொன்னபோது அந்நிய நாட்டில் எங்ஙனம் பாடுவோம் என்று நொந்ததையும் அது கூறும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவரின் வழித்தோன்றல்கள் வாழும் ஜமைக்காத் தீவில், மெலோடியன்ஸ் என்னும் குழுவினர் 1970-இல் இச்சங்கீதத்தைத் தழுவி ஒரு பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டனர். ராஸ்தஃபாரி நெறியினராகிய அவர்நாட்டார் பலர்க்குப் பாபிலோன் என்பது தம்மை ஒடுக்கிய உலகம்; சீயோன் என்பது ஆப்பிரிக்கா. 1978-இல் மேற்கு ஜெர்மனியில் ஃபிராங்க் ஃபேரியன் என்பார் அமைத்த போனி எம் என்னும் குழுவினர் அப்பாட்டையே ஆடலுக்கேற்ற தாளத்தில் மீண்டும் பாடினர். அது பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்று, அந்நாட்டில் மட்டும் இருபது நூறாயிரத்திற்கு மேல் விற்றது. ‘நைட்ஃப்ளைட் டு வீனஸ்’ என்னும் அவர்தம் நெடுந்தட்டிலும் அது இடம்பெற்றது. நாடிழந்தோர் அழுகை இங்ஙனம் உலகம் முழுவதும் ஆடுதற்குரிய பாட்டாயிற்று.

அந்நெடுந்தட்டு ஒன்று எங்கள் இல்லத்தில் உளது. அதனை வாங்கியவர் என் பாட்டியாரின் தம்பி. உறையின் மூலையில் அவர் கையொப்பமும் 1979 என்னும் ஆண்டும் நீல மையில் உள்ளன. அது பல்லாண்டு ஒரு தகரப் பெட்டியின் அடியிற் கிடந்தது. வினைல் தட்டுக்கள் இப்பொழுது மீண்டும் மதிப்புப் பெற்று வருகின்றன. அமெரிக்க நாட்டில் 2022-ஆம் ஆண்டில் அவை குறுந்தட்டுக்களினும் மிகுதியாக விற்றன. 1987-க்குப் பின் அங்ஙனம் நிகழ்ந்தது அதுவே முதன்முறை. அம்மதிப்பு எங்கள் ஊரையும் எட்டியமையால், சென்ற கோடை விடுமுறையில் என் மாமா தட்டுச் சுழற்றும் பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். அப்பழைய தட்டும் வெளிவந்தது.

பாட்டு எழுந்தவுடன் என் பாட்டனார் நிமிர்ந்து உட்கார்ந்து கைத்தாளம் இடலானார். புதிதாக வேலை ஏற்ற அந்நாளில் மாலைதோறும் மைத்துனரோடு மொட்டைமாடியில் அமர்ந்து அதனைக் கேட்டதையும், தெருப்பிள்ளைகள் கூடி ஆடியதையும் கூறினார். அவ்வழியே வந்த உபதேசியார், “வேதத்துச் சங்கீதத்திற்கு ஆடலாமோ?” என்று வினவினாராம், மைத்துனர், “தாவீது ராஜா பெட்டிக்கு முன்பாக ஆடவில்லையா, ஐயா?” என்று விடை கூறினாராம். இதனைச் சொல்லிப் பாட்டனார் உரக்க நகைத்தார்.

என் பாட்டியாரோ ஒன்றும் பேசாது எழுந்து அடுக்களைக்குச் சென்றுவிட்டார். அன்றிரவு அவரே எனக்குக் காரணம் கூறினார். அவர் தம்பி 1981-இல் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து புறப்பட்டார். இரண்டாண்டு கழித்துக் காய்ச்சலால் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பெற்றார். உறவினர் ஒருவரும் அக்கல்லறையைக் கண்டிலர். பாட்டின் நடுவே ஊசி ஓரிடத்தில் துள்ளி ஒரு சொல்லை விழுங்கிவிடுகின்றது. அதனைத் தட்டின் பழுது என்று நாங்கள் கருதினோம். “அவன் பெட்டி கட்டும்போது கை தட்டி விழுந்த கீறல் ஐயா, அது” என்றார் பாட்டியார்.

ஒரே தட்டு, ஒரே பள்ளம், ஒரே குரல். ஒருவர்க்கு அது மொட்டைமாடியின் நகைப்பாயிற்று. மற்றவர்க்கு அந்நிய நாட்டில் கண்மூடிய தம்பியின் பிரிவாயிற்று. நினைவு தட்டில் இருந்திருக்குமாயின் இருவரும் ஒன்றையே கேட்டிருப்பர். ஆதலின், தட்டு திறவுகோலேயன்றிப் பேழையன்று என்பது தெளிவாம்.

எனினும், இதற்கொரு புறநடை உண்டு. மறுநாள் அப்பாட்டையே கைபேசியில் தேடி, கீறலின்றித் தெளிவாக ஒலிக்குமாறு பாட்டியார்க்குக் கேட்பித்தேன். சிறிது கேட்டு, “இது அவன் பாட்டு இல்லை” என்றார். அவர் கூற்று பொருளற்றதன்று. பாட்டு கோடிக்கணக்கானோர்க்குப் பொது. கீறலோ எங்கள் இல்லத்திற்கே உரியது. பாடியவர் அறியாத, வெளியிட்டவர் விரும்பாத அக்கீறல் ஒன்றே, அத்தட்டில் அவர் தம்பியின் கை எழுதிய எழுத்து. பழைய தட்டுக்களைத் தேய்ந்தவை என்று எறிந்துவிட்டுத் தெளிந்த ஒலியை நாடுவோர் இதனையும் எண்ணிப்பார்த்தல் நன்று.

இனி, அந்நாளில் பிறந்திராத எம்போன்ற இளைஞர்க்கு இத்தட்டுக்களால் ஆவது என்னை எனின், கூறுவேன். 2013-இல் க்ரம்ஹான்சல், ஸுப்னிக் என்னும் இருவர், ஏறக்குறைய இருபது வயதுள்ள மாணவரை ஆராய்ந்தனர். அம்மாணவர் தம் காலத்துப் பாட்டுக்களையன்றித் தம் பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுக்களோடும் நெருங்கிய உணர்ச்சித் தொடர்புடையராயிருந்தனர்; அதற்கும் முற்பட்ட 1960-களின் பாட்டுக்களிடத்தும் அத்தொடர்பு சிறிது காணப்பட்டது. வீட்டில் மூத்தோர் கேட்பதனைப் பிள்ளைகள் உடனிருந்து கேட்டலால், பாட்டு தலைமுறைதோறும் இறங்கிவருகின்றது போலும். ஆயின், ஒலி தானே இறங்கிவரும். அதனோடு ஒட்டிய வாழ்வு தானே இறங்கிவாராது. அதனை வாயாற் சொல்லல் வேண்டும். செவியாற் கேட்டல் வேண்டும். பாட்டியார் அன்றிரவு வாய் திறந்திராவிடின், அக்கீறல் என்றும் எங்கட்கு ஒரு பழுதாகவே இருந்திருக்கும்.

ஆகவே, நம் கல்லூரியின் பழைய மாணவராகிய பெரியோர்களை வேண்டிக்கொள்வது ஒன்று: தங்கள் இல்லத்துப் பரண்மேல் உறங்கும் தட்டுக்களை ஒருநாள் இறக்கிப் பிள்ளைகளோடு கேட்டருளுக, கேட்டபின் நெஞ்சில் எழுவதனைச் சொல்லியருளுக. என் தோழராகிய மாணவர்கட்கும் ஒரு சொல்: அங்ஙனம் சொல்வதனை ஒரு தாளில் எழுதி, ஆளும் ஊரும் ஆண்டும் குறித்து, தட்டின் உறைக்குள்ளேயே வைத்திடுக. எங்கள் தட்டின் உறையில் அத்தகைய தாளொன்று இப்பொழுது உளது. அதன் ஒரு பக்கத்தில் பாட்டனார் கூறியதும், மறுபக்கத்தில் பாட்டியார் கூறியதும் எழுதப்பட்டுள்ளன. வினைல் தட்டு நன்கு பேணப்படின் நெடுங்காலம் நிற்கும். அதனைக் கேட்டு நினைவு கூறவல்ல பெரியோர் நம்மோடு இருக்கும் காலமோ அத்துணை நெடிதன்று.