காய்ந்த கம்பியும் ஈரத் துணியும்

மாம்புரி போன்ற ஒரு கரையோர ஊரில் ஒரே நாளில் பல கைகள் படும் பொருள்களுக்குக் குறைவில்லை: பாலாவி–கற்பிட்டி பஸ்சின் கம்பி, கடைத் தராசு, கைமாறும் ரூபாய்த் தாள், கைத்தொலைபேசி, மீன் வெட்டும் பலகை, குசினித் துணி. எதைத் துடைத்தெடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாலும் பற்றீரியா வளரத்தான் செய்யும். ஆகவே, கழிவறை இருக்கையைவிட தொலைபேசியில் கிருமி அதிகம் என்று யாரும் எப்போதும் எழுதலாம்; பொய் என்று சொல்லவும் முடியாது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது. நம் தோலில் வாழும் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. பார்க்க வேண்டியவை இரண்டு: அந்தப் பொருள் ஈரமாக இருக்கிறதா, அங்கிருந்து வாய்க்கோ புண்ணுக்கோ நேர்வழி உண்டா.

ஈரத்தின் பங்கு பலமுறை சோதிக்கப்பட்டது. 2017இல் வெளியான ஜேர்மன் ஆய்வொன்றில், 14 வீட்டுச் சமையலறைகளின் பஞ்சுகளை ஆராய்ந்தபோது சில இடங்களில் ஒரு கன சென்ரிமீற்றருக்கு 5,000 கோடிக்கும் மேற்பட்ட பற்றீரியாக்கள் இருந்தன. அடிக்கடி சுத்தம் செய்ததாகச் சொல்லப்பட்ட பஞ்சுகளும் இதில் மேலாக இல்லை. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2016இல் கிருமி தடவிய பரப்புகளில் உணவைப் போட்டுப் பார்த்தார்கள். நீர்ச்சத்து மிகுந்த வத்தகப்பழத்தில்தான் கிருமி அதிகம் ஒட்டியது, சிலவேளை ஒரு வினாடிக்குள்ளேயே. பஸ் கம்பியைவிட, மீன் வெட்டிய பலகையில் அப்படியே வெங்காயம் நறுக்குவதும், பலகை துடைத்த துணியாலேயே கோப்பையைத் துடைப்பதும் கவலைக்குரியவை என்று இதனால்தான் சொல்கிறேன்.

உப்புக் காற்றும் வெயிலும் உள்ள ஊரில் கிருமி எங்கே நிற்கும் என்று கேட்பார்கள். வெயிலைப் பற்றிச் சொல்வதில் நியாயம் உண்டு. துணியைப் பிழிந்து வெயிலில் விரிப்பது நல்ல வேலை. உப்பு அப்படியல்ல. ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கில் வாழும் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ், பல பற்றீரியாக்கள் தாங்காத உப்பிலும் வளரும். மூக்கைத் தொட்ட கையிலிருந்து அரைகுறையாகக் காய்ந்த கருவாட்டுக்குப் போனால் அங்கே பெருகி நஞ்சு சுரக்கலாம். பிறகு கொதிக்க வைத்தால் பற்றீரியா சாகும், நஞ்சு அழியாது.

இன்னொரு மறுப்பு கனமானது. காய்ந்த பரப்பிலும் இதே ஸ்டபிலோகொக்கஸ் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உண்மைதான். திறந்த புண்ணும் தளர்ந்த உடலும் உள்ள ஆஸ்பத்திரி வார்டில் கட்டில் கம்பியைத் துடைத்தே ஆகவேண்டும். வீட்டுக் கதவுக்கும் பஸ்சுக்கும் அதே கட்டாயம் இல்லை. கொவிட் காலத்தில் கதவையும் காய்கறியையும் கழுவி ஓய்ந்தோம். கிருமி படிந்த பரப்பைத் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது. அது ஒரு வைரசைப் பற்றிய கணக்கு. வயிற்றளைச்சல் தரும் சிகெல்லா போன்ற பற்றீரியாவுக்கு அப்படியே பொருந்தாது, ஏனெனில் அதன் சில பத்து உயிரணுக்கள் வாய்க்குள் போனாலே போதும். ஆனால் பரப்பிலிருந்து அது வாய்க்குப் போவதும் கை வழியாகத்தான். அதனால்தான் பரப்புகளைத் துரத்துவதைவிட, சாப்பாட்டுக்கு முன்னும் மலங்கழித்த பின்னும் கை கழுவுவது பலன் தருகிறது. கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், சவர்க்காரம் கொடுத்துக் கை கழுவப் பழக்கிய வீடுகளின் சிறுவர்களிடம் வயிற்றோட்டம் 53 வீதம் குறைந்தது. சாதாரணச் சவர்க்காரத்துக்கும் கிருமிநாசினி சேர்த்ததற்கும் வேறுபாடு இல்லை. கூடுதல் விலைக்குக் காரணமும் இல்லை.

தொலைபேசியை என்ன செய்வது? பையிலும் கையிலும் காய்ந்து கிடக்கும் நாளில் அதை விட்டுவிடலாம். மீன் வெட்டும்போது அழைப்பு வந்து அதே கையால் எடுத்தால், கையோடு அதையும் துடைக்கத்தான் வேண்டும்.