ஈரம் பட்டாலும் அழியாத லேபிள்

வீட்டில் போட்ட மாவடுவையும் பருப்புப் பொடியையும் பாட்டிலில் அடைத்து விற்பவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது. லேபிள்தான் காலை வாரிவிடுகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்க்க ஆரம்பித்ததும் சிவப்பு எழுத்து விரலில் ஈஷிக்கொள்கிறது; காலாவதி தேதி இருந்த இடத்தில் ஒரு கறை மட்டும் மிஞ்சுகிறது.

இதை அழகுக் குறை என்று ஒதுக்க முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகள், விவரங்கள் தெளிவாகவும் அழியாமலும் இருக்க வேண்டும் என்கின்றன. 14 இலக்க உரிம எண், பேட்ச் எண், தேதிகள் எல்லாம் இதில் அடக்கம்.

மை கலைவதற்கு முதல் காரணம் அதன் வகை. இங்க்ஜெட் பிரிண்டர் மையில் டை, பிக்மென்ட் என இரண்டு உண்டு. டை மையில் சாயம், தண்ணீரில் சர்க்கரை கரைவதுபோல முழுக்கக் கரைந்திருக்கும்; காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் மறுபடி கரையும். பிக்மென்ட் மையில் நிறம் நுண்துகளாக மிதக்கிறது. நீர் வற்றியதும் துகள் காகிதத்தில் தங்கிவிடும், எளிதில் கரையாது. வீடுகளில் உள்ள பல இங்க் டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்று நிறமும் டை. எனவே தேதியையும் உரிம எண்ணையும் கறுப்பிலேயே அடியுங்கள்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரிண்ட் கொடுக்கும்போது காகித வகையில் ‘கிளாஸி’ அல்லது ‘போட்டோ’ என்று தேர்ந்தெடுத்தால், இத்தகைய பிரிண்டர்கள் பல, பிக்மென்ட் கறுப்பைத் தொடாமல் மூன்று டை நிறங்களைக் கலந்தே கறுப்பை உண்டாக்கும். பார்வைக்குக் கறுப்புதான், தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும். மேட் ஸ்டிக்கர் ஷீட்டும் அதற்கேற்ற செட்டிங்கும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதற்காக, டை மைக்கென்று செய்த பிரிண்டரில் பிக்மென்ட் மையை ஊற்றிவிடாதீர்கள். ஹெட் அடைத்துக்கொள்ளும்.

ஷீட்டும் முக்கியம். இங்க்ஜெட்டுக்கான ஷீட்டில் மையை உறிஞ்ச ஒரு பூச்சு இருக்கும். லேசருக்கான பிளாஸ்டிக் ஷீட்டை இங்க்ஜெட்டில் போட்டால் மை முத்து முத்தாக மேலேயே நிற்கும், எத்தனை நாள் காயவைத்தாலும் தொட்டால் அப்பும். இங்க்ஜெட் வினைலை லேசரில் போடுவது அதைவிட மோசம். சூட்டில் உருகி உள்ளே சுற்றிக்கொள்ளும். பாதி லேபிள் உரித்த ஷீட்டை மறுபடி செலுத்துவதும் வேண்டாம். பசை உருளையில் ஒட்டினால் அடுத்தடுத்த ஷீட்டெல்லாம் தீற்றலாகத்தான் வரும்.

அடித்த ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் ஒரு நாள் பரப்பி வையுங்கள். மழைக்காலத்தில் கூடுதல் நேரம் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே மேலே கோல்டு (cold) லேமினேஷன் ஃபிலிம் ஒட்ட வேண்டும். ஃபிலிம், லேபிளின் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் பாட்டிலிலும் படிய வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய ஓரம் வழியாக ஈரமும் எண்ணெயும் ஏறிவிடும். ஃபிலிமுக்குப் பதில் அக்ரிலிக் ஸ்பிரே அடிப்பவர்கள் சமையலறையை விட்டு வெளியே வந்து, முதல் பூச்சை மிக மெல்லியதாக அடிக்க வேண்டும். நனைய நனைய அடித்தால் ஸ்பிரேயே மையைக் கரைத்துவிடும்.

பொடி வகைகளுக்கு இந்த ஏற்பாடு போதும். எண்ணெய் ஊறுகாய்க்கும் ஃப்ரிட்ஜில் வைக்கும் பண்டங்களுக்கும் லேசர் பிரிண்ட்தான் சரி என்பேன். டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த தூள். சூட்டில் உருகி ஷீட்டோடு ஒட்டிவிடுவதால் தண்ணீருக்கு அசையாது. வீட்டில் லேசர் இல்லாவிட்டால் ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள்ளலாம். பில் மெஷினில் வரும் சாதாரண தெர்மல் ஸ்டிக்கர் ஊறுகாய்ப் பக்கமே வேண்டாம். எண்ணெயிலும் சூட்டிலும் எழுத்து மங்கிவிடும்.

அடுத்த பேட்ச்சுக்கு மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரே ஒரு லேபிளை பாட்டிலில் ஒட்டி, ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் வெளியே எடுத்து, வியர்த்ததும் தேதியின் மேல் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டும் தேய்த்துப் பாருங்கள். தேதி அப்படியே நின்றால் மட்டும் மீதி ஷீட்டுகளை அடியுங்கள்.