வெயிலை அழைத்த வீடும் வெயிலைத் தடுத்த வீடும்

புதுதில்லியில் தீன்மூர்த்தி மாளிகையைக் கடந்து பேருந்தில் செல்லும்போது, மரங்களுக்குப் பின்னே வெண்ணிறச் சுவரும் பருத்த தூண்களும் கொண்ட தாழ்ந்த வீடுகளைக் கண்டிருப்பீர்கள். 1911ஆம் ஆண்டு தில்லி தலைநகராக அறிவிக்கப்பட்ட பின்னர், ஆங்கில அரசு தன் அலுவலர்களுக்காகக் கட்டிய பங்களாக்கள் அவை. அவ்வீடுகளை அறிந்துகொள்ள, முதலில் இங்கிலாந்தின் சிற்றூர் வீடு ஒன்றைக் காண்போம்.

அந்நாட்டுச் சிற்றூர்களில் தேவாலயத்தின் குருவானவர் குடும்பத்துடன் வாழ்வதற்கென ஒரு வீடு உண்டு. நம் ஊர்க் கிறித்தவர்கள் அதனைக் குருமனை என்பர். லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்னும் ஊரின் குருமனை புகழ்பெற்றது. 1709ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஓர் இரவு, அங்கிருந்த பழைய வீடு தீப்பற்றி எரிந்தது. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் மாடியில் அகப்பட்டுக்கொண்டான். ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவர் தோள்மீது மற்றொருவர் ஏறி நின்று, சாளரத்தின் வழியே அவனை மீட்டனர். பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியே அச்சிறுவன். எரிந்த வீட்டிற்குப் பதிலாகச் செங்கல்லால் எழுப்பப்பட்ட வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அவ்வீட்டின் முகப்பில் உயரமான சாளரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. கூரைமேல் புகைபோக்கிகள் நிற்கின்றன. முகப்பில் தாழ்வாரம் இல்லை. காரணம் எளிது. திசம்பர் நண்பகலில் அங்கே கதிரவன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 13 பாகை உயரமே எழும். கிடைக்கும் சிறிதளவு வெயிலையும் வீட்டினுள் அழைக்க வேண்டும். போதாத வெப்பத்தைக் கணப்படுப்பு தர வேண்டும்.

தில்லியிலோ சூன் நண்பகலில் கதிரவன் 85 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு நேர்மேலே நிற்கிறது. எப்வொர்த் வீட்டை இங்கே அப்படியே கட்டியிருந்தால் உள்ளிருப்போர் வெந்திருப்பர்! ஆகவே ஆங்கிலேயர் இந்நாட்டு வீடுகளிடம் பாடம் கற்றனர். 'பங்களா' என்னும் சொல்லே வங்கத்து வீட்டைக் குறித்ததுதான். தடித்த சுவர், உயர்ந்த கூரை, வீட்டை ஒட்டி நிழல்தரும் தாழ்வாரம் ஆகியவை சேர்ந்தன. மேலெழும் சூடான காற்று வெளியேறக் கூரையை ஒட்டிச் சிறு சாளரங்கள் வைத்தனர். தில்லி மக்கள் இவற்றை 'ரோஷன்தான்' என்பர். கோடையில் வாயில்களில் வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டு நீர் தெளிப்பதும் உண்டு.

தெற்கு நோக்கிய தாழ்வாரத்தின் திறம் வியப்பிற்குரியது. கோடையில் உச்சியில் நிற்கும் கதிரவனை அதன் கூரை மறைத்துவிடும். திசம்பரிலோ கதிரவன் 38 பாகை உயரத்திலேயே செல்வதால், வெயில் சாய்வாக உள்ளே விழும். வேர்க்கடலை கொறித்தபடி குளிர்காய அதைவிட நல்ல இடம் ஏது? தாத்தா பாட்டியின் ஊரில் திண்ணைக்கு நிழல்தரும் கூரையை நினைத்துப் பாருங்கள். தில்லிக் குளிருக்காகக் கணப்படுப்பும் புகைபோக்கியும் மட்டும் ஊரிலிருந்து வந்தபடியே பல வீடுகளில் தங்கிவிட்டன.

ஒன்றை மறைக்கலாகாது. மின்விசிறி வருவதற்கு முன், பழைய பங்களாக்களில் கூரையில் தொங்கிய துணி விசிறியைக் கயிற்றால் இழுக்கப் பணியாளர் ஒருவர் இருந்தார். உள்ளே துரைக்குக் காற்று வீச, அவர் பெரும்பாலும் வெளித்தாழ்வாரத்தின் வெக்கையில் அமர்ந்திருந்தார்.

இன்று சில பங்களாக்களில் தாழ்வாரத்தைக் கண்ணாடியிட்டு அடைத்து அறையாக்கிவிட்டனர். அடைத்த கண்ணாடியின் வழியே வெயில் உள்ளே வருகிறது. அதனைத் தணிக்கக் குளிரூட்டி பகல் முழுதும் ஓடுகிறது.