சைக்கிளின் கழுத்து ஆடுகிறதா?

குழந்தைகளே! சைக்கிளை எடுக்கும்போது டயரில் காற்று இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பீர்கள். அதன் கழுத்தை என்றாவது பார்த்ததுண்டா?

சைக்கிளுக்கு ஏது கழுத்து என்று சிரிக்காதீர்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே, சட்டத்தின் முன்பக்கம் ஒரு குட்டைக் குழாய் இருக்கிறதல்லவா? அதுதான் கழுத்து. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தண்டு அதற்குள் நுழைந்து மேலே வருகிறது. அந்தத் தண்டு திரும்ப உதவும் பாகங்களுக்கு ‘ஹெட்செட்’ என்று பெயர்.

விழாமல் ஓட்டுவது எப்படி?

1817ல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வான் டிரைஸ் ஓர் இருசக்கர வண்டி செய்தார. அதற்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தித்தான் ஓட்ட வேண்டும். ஆனால், அதன் முன்சக்கரத்தைத் திருப்ப முடியும்!

இது ஏன் முக்கியம்? சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தால், நாம் ஹேண்டிலை இடப்பக்கமே லேசாகத் திருப்புகிறோம். சக்கரம் நம் எடைக்கு அடியில் வந்துவிடும். விழாமல் தப்பிக்கிறோம். நேராகப் போகும்போதும் இந்தச் சின்னத் திருப்பங்கள் நடந்துகொண்டே இருக்கும். ஹெட்செட் இறுகிவிட்டால் இவை தடைப்படும். பழகியவர் ஓட்டினாலும் சைக்கிள் வளைந்து வளைந்து போகும்.

உள்ளே என்ன இருக்கிறது?

குழாயின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் கிண்ணம் போன்ற கப்புகள் உண்டு. அவற்றில் எஃகு பால்ஸ் வட்டமாக அமர்ந்திருக்கும். வழுக்கி உருள கிரீஸ் தடவியிருப்பார்கள். மேடு பள்ளத்தில் வரும் அடியைக் கீழ்க் கப்புதான் அதிகம் தாங்குகிறது. ஹெட்செட் தளர்ந்தாலும் அளவுக்கு மீறி இறுகினாலும் பால்ஸ் ஓடும் பாதை கெடும். அதில் பள்ளம் விழுந்துவிட்டால் ஹேண்டில் நேராக வரும்போது ‘டக்’கென்று சிக்கும்.

நீங்களே சோதிக்கலாம்

1. முன்பிரேக்கை அழுத்திப் பிடித்து, சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். அப்போது மறுகை விரலைக் கப்பும் குழாயும் சேரும் இடத்தில் வையுங்கள். அங்கே ‘லொடக்’ என்று ஆடினால் ஹெட்செட் தளர்ந்திருக்கிறது.

2. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை இரு பக்கமும் மெல்லத் திருப்புங்கள். சிக்காமல், கரகரக்காமல் திரும்ப வேண்டும்.

3. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் நிற்க, ஹேண்டில் மட்டும் திரும்பினால் ஓட்டவே ஓட்டாதீர்கள்! ஹேண்டில் தண்டை முறுக்க வேண்டும்.

சரிசெய்வது எப்படி?

சாதாரண சைக்கிளில் ஃபோர்க் தண்டின் மேல்முனையில் மரை இருக்கும். அதில் மேல் கப்பும், அதற்கு மேலே பூட்டு நட்டும் ஏறியிருக்கும். முதலில் பூட்டு நட்டைத் தளர்த்த வேண்டும். ஆட்டம் நிற்கும்வரை கப்பைக் கையால் திருகி, பிறகு அது நகராமல் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரால் பூட்டு நட்டை இறுக்க வேண்டும். நட்டை இறுக்கும்போது கப்பும் சற்று இறுகக்கூடும். அதனால் முதல் இரண்டு சோதனைகளையும் மறுபடி செய்ய வேண்டும்.

கியர் சைக்கிள்கள் பலவற்றில் இந்த மரை இல்லை. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, உச்சியில் உள்ள போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். ஆட்டம் நின்றதும் ஹேண்டிலை நேராக வைத்து, பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்க வேண்டும். ஹேண்டிலைப் பிடித்து நிறுத்துபவை இந்தப் பக்கவாட்டு போல்ட்டுகள்தான். இவற்றை மறந்தால் ஆபத்து!

சோதனை உங்கள் வேலை. ஸ்பேனர் வேலையை அப்பாவோ சைக்கிள் கடை அண்ணனோ செய்யட்டும்; அருகில் நின்று கவனியுங்கள். ஃபோர்க்கைக் கழற்றினால் மேலே எத்தனை பால்ஸ், கீழே எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று உருண்டோடினாலும் தேடிப் பிடிக்க அந்தக் கணக்கு உதவும்!

ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. இதுதான் சைக்கிள் கழுத்துக்குரிய அளவு. இன்று மாலை உங்கள் சைக்கிளைச் சோதித்துப் பார்ப்பீர்கள்தானே?