பரீட்சையும் கற்றலும்

பரீட்சை கற்றலை அளக்கும் கோல் மாத்திரமா, அன்றிக் கற்றலை வளர்க்கும் கருவியுமா? இவ்வினா நம் நாட்டு உயர்கல்விக்குப் புதியதன்று.

1921ஆம் ஆண்டு கொழும்பில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகப் பட்டப் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. கற்பித்தவர் இங்கிருந்தார்; பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமோ கடலுக்கப்பால் இருந்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் பட்டமளிக்கும் உரிமை நம் நாட்டுக்கு வந்தது. எனினும், இறுதிப் பரீட்சை எங்கே நடப்பினும் ஒரு குறை உடையது: மாணவனின் பிழை வெளிப்படும் வேளையிற் பாடம் முடிந்துவிடுகின்றது.

இடையிடையே நிகழும் சிறு பரீட்சை இக்குறையை நீக்கவல்லது. அமெரிக்க உளவியலாளர் ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மாணவர் ஓர் உரைப்பகுதியை மீள வாசித்தனர். மற்றொன்றை நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங்களின் பின் மீள வாசித்ததே மேலோங்கியது. ஒரு வாரத்தின் பின்னரோ, எழுதியதில் 56 வீதமும் மீள வாசித்ததில் 42 வீதமுமே நினைவில் நின்றன. நினைவுகூரும் முயற்சியே அறிவை நிலைபெறச் செய்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

ஆதலின், வாரந்தோறும் சில வினாக்கள் போதும். அவற்றிற்குரிய புள்ளி சிறிதாயிருத்தல் வேண்டும், அச்சம் குறையும். விடைத்தாள் விரைவில் திரும்புதல் வேண்டும். பிழை எதுவென்றும் திருந்தும் வழி யாதென்றும் அதன் ஓரத்தில் ஆசிரியர் குறித்தல் வேண்டும். புள்ளி மாணவனின் நிலையை உரைக்கும்; குறிப்பே அவன் செல்லும் வழியைக் காட்டும்.