பாட்டனார் கட்டிய அணை

ஒரு கதை மக்களின் மனத்தைக் கவர்ந்துவிட்டால், அதன் தொடர்ச்சியைப் படைப்போர்க்குப் பெருஞ்சோதனை காத்திருக்கிறது. முதற்கதையில் பெற்ற இன்பத்தையே மீண்டும் பெற வேண்டுமென்று வருவோர் ஒருபுறம். புதிதாக எதுவுமில்லையா என்று கேட்போர் மறுபுறம். இவ்விரு சாராரையும் நிறைவு செய்வது எளிதன்று. 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் தமிழிலும் வெளியான ‘ஃப்ரோசன்’ கார்ட்டூன் படத்தின் இரண்டாம் பாகம் இத்தகைய சோதனைக்கு உள்ளான ஒன்று. அதைக் கண்ட பெற்றோரும் பிள்ளைகளும் கூறியவற்றையும், கூறாது விட்டவற்றையும் எண்ணிப் பார்ப்பது காவிரிப் படுகையில் வாழும் நமக்குப் பெரிதும் பயன் தரும். ஏனெனில் அக்கதையின் நடுவே நிற்பது ஓர் அணை.

முதற்பாகமும் தொடர்ச்சியும்

டென்மார்க்கு நாட்டு எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1844இல் பனி அரசியைப் பற்றி ஒரு கதை எழுதினார். அக்கதையிலிருந்து கருப்பெற்று, கிறிஸ் பக், ஜெனிஃபர் லீ ஆகியோரின் இயக்கத்தில், வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 2013இல் வெளியிட்டதே ‘ஃப்ரோசன்’ முதற்பாகம். பனியை உண்டாக்கும் ஆற்றல் பெற்ற எல்சா, அவளுடைய தங்கை அன்னா ஆகிய இரு அரசகுமாரிகளின் கதை அது. இளவரசனின் முத்தத்தால் துன்பம் தீரும் என்னும் பழைய முறையை விடுத்து, தமக்கைக்காக உயிரையே கொடுக்க முன்வந்த தங்கையின் அன்பால் துன்பம் தீர்ந்ததாக அது முடிந்தது. 2014இல் இரண்டு ஆஸ்கர் பரிசுகளும் அதற்குக் கிடைத்தன.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் வந்த இரண்டாம் பாகத்தின் தமிழ் வடிவில் எல்சாவுக்குச் சுருதி ஹாசனும், அன்னாவுக்குத் திவ்யதர்சினியும், ஓலாஃப் என்னும் பனிப் பொம்மைக்குச் சத்யனும் குரல் கொடுத்தனர். கதை இதுதான். அரண்டெல் நாட்டிற்கு வடக்கே ஒரு காடு முப்பத்து நான்கு ஆண்டுகளாக மூடுபனியால் அடைபட்டுக் கிடக்கிறது. அங்கே வாழும் பழங்குடியினருக்கு நட்பின் அடையாளமாக ஓர் அணையைக் கட்டிக் கொடுத்தவர் இச்சகோதரிகளின் பாட்டனாராகிய ரூனார்ட் மன்னர். ஆனால் அப்பரிசு வஞ்சகமானது. அணையினால் காட்டு நிலம் வலுவிழக்கும், அம்மக்கள் தம் கையை எதிர்பார்த்து நிற்பர் என்பதே அவருடைய எண்ணம். எதிர்த்துக் கேட்ட பழங்குடித் தலைவரை, அவர் கையில் ஆயுதமில்லாத வேளையில், மன்னரே கொன்றுவிடுகிறார். அதனால் மூண்ட போரின் விளைவே அந்த மூடுபனி.

இவ்வுண்மையைக் கண்டறிந்த எல்சா உறைந்துபோகிறாள். ஓலாஃபும் மறைந்துவிடுகிறான். தனித்து விடப்பட்ட அன்னா இருண்ட குகையில் விம்மி அழுது, பிறகு எழுந்து, அணையை உடைக்கத் துணிகிறாள். உடைத்தால் வெள்ளம் தன் நகரத்தையே அழிக்கும் என்பதை அவள் அறிவாள், அறிந்தே செய்கிறாள்.

பார்த்தவர்கள் கூறியவை

அமெரிக்காவில் சினிமா ஸ்கோர் என்றொரு நிறுவனம் உண்டு. படம் வெளியான முதல் நாளில், திரையரங்கை விட்டு வெளியே வருவோரிடம் அட்டையைக் கொடுத்து மதிப்பெண் இடச் சொல்வது அதன் வழக்கம். முதற்பாகத்திற்கு மக்கள் ஈந்தது ‘ஏ பிளஸ்’ என்னும் உச்ச மதிப்பு. இரண்டாம் பாகத்திற்கு ‘ஏ மைனஸ்’. ஆயினும் வருவாயில் தொடர்ச்சியே முந்தியது. முதற்பாகம் உலகெங்கும் ஏறத்தாழ 128 கோடி டாலர் ஈட்டியிருக்க, இரண்டாம் பாகம் 145 கோடியை எட்டியது. கூட்டம் மிகுந்தது, மனநிறைவு சற்றே குறைந்தது.

குறை கூறியோரின் சொற்களில் சில பொதுவானவை. கதை சிக்கலாக இருக்கிறது, சிறு பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்றனர் பலர். படத்தை ஆக்கியோரே இதை முன்னதாக உணர்ந்திருந்தனர். படம் நிறைவுறுமுன் சான் டியாகோ நகரில் குடும்பங்களை அழைத்துத் திரையிட்டுக் காட்டியபோது, குழந்தைகள் குழம்பினர். பின்னரே பல காட்சிகள் திருத்தப்பட்டன. 2020இல் வெளிவந்த ஓர் ஆவணப்படம் இதை ஒளிக்காமல் காட்டுகிறது. ஓலாஃப் மறையும் காட்சியில் பிள்ளைகள் அழுதார்கள் என்று வருந்திய பெற்றோரும் உண்டு. சகோதரிகள் இருவரும் இறுதியில் பிரிந்து வாழ்வதை ஏற்க மனமின்றி முகம் வாடிய சிறுமியரும் உண்டு.

பாராட்டியோரும் இருந்தனர். ஐந்து வயதில் முதற்பாகத்தைக் கண்ட குழந்தை, தொடர்ச்சி வந்தபோது பதினொரு வயதை எட்டியிருந்தது. அப்பிள்ளையோடு கதையும் வளர்ந்திருக்கிறது என்று அவர்கள் மகிழ்ந்தனர். குகையில் அன்னா படும் துயரம் பல பெரியோரின் கண்களை நனைத்தது. முதற்பாகம் வெளிவரச் சில வாரங்களே இருந்தபோது, 2013 அக்டோபரில், இயக்குநர் கிறிஸ் பக் தம் மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தார். எல்லாம் இழந்த நிலையிலும் அடுத்த நற்செயலை மட்டும் நோக்கி ஓர் அடி எடுத்துவைக்கும் அந்தக் காட்சியில் உண்மையான துயரத்தின் ஈரம் இருப்பதில் வியப்பில்லை.

வடதுருவ மக்களின் குரல்

இப்படத்தைப் பற்றிப் பேசியவர்களுள் சாமி என்னும் பழங்குடி மக்களின் குரல் தனியே குறிப்பிடத்தக்கது. நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய நாடுகளின் வட பகுதிகளில் கலைமான் மேய்த்து வாழ்ந்துவரும் தொன்மையான இனத்தார் இவர்கள். முதற்பாகம் தங்கள் உடையையும் இசையையும் கேளாமலே எடுத்தாண்டது என்று இவர்களிடையே மனக்குறை எழுந்தது. இரண்டாம் பாகத்தின்போது நிறுவனத்தார் அதைச் செவிமடுத்தனர். 2019இல் சாமி மக்களின் நாடாளுமன்றங்களோடும் பேரவையோடும் உடன்படிக்கை செய்துகொண்டு, அவர்தம் அறிஞரின் கருத்தைக் கேட்டனர். வடசாமி மொழியிலும் படத்தை மொழிமாற்றம் செய்தனர்.

சாமி மக்களின் வரலாற்றிலும் ஓர் அணை உண்டு. நார்வேயின் ஆல்டா ஆற்றில் மின்சாரத்திற்காக அணை கட்ட அரசு முற்பட்டபோது, 1979இல் சாமி இளைஞர் தலைநகரில் நாடாளுமன்றத்தின் முன் உண்ணாநோன்பு இருந்தனர். அணை நின்றபாடில்லை, 1987இல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆனால் அப்போராட்டத்தின் பயனாகவே 1989இல் அவர்களுக்கெனத் தனி நாடாளுமன்றம் அமைந்தது. 1997இல் நார்வே மன்னர் ஐந்தாம் ஹரால்டு அம்மன்றத்திற்கே சென்று, பழைய அரசுகள் இழைத்த அநீதிக்காக மன்னிப்புக் கேட்டார். 2024 நவம்பரில் அந்நாட்டின் நாடாளுமன்றமும் மன்னிப்புக் கோரியது. கதையில் பேத்தி செய்ததை இங்கே ஓர் அரசரும் ஓர் அவையும் ஓரளவு செய்திருக்கின்றனர்.

தவறு யாருடையது?

பாட்டனார் செய்த பிழைக்குப் பேத்தி ஏன் துன்புற வேண்டும்? பெரியோர் பலர் கேளாது விட்ட கேள்வி இதுவே. இறைவாக்கினர் எசேக்கியேல் தம் நூலின் 18ஆம் அதிகாரத்தில், தந்தையின் குற்றப்பழி மகனைச் சேராது என்று தெளிவுறுத்துகிறார். திருச்சபையின் போதனையும் அதுவே. பழி நம்முடையதன்று. எனினும் அப்பிழையால் வந்த சொத்தும் சுகமும் நம் கையில் இருக்குமாயின், அதைச் சீர்செய்யும் கடமை நம்மைச் சேர்ந்ததாகிறது.

இதனால்தான் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், திருச்சபையின் மக்கள் சென்ற நூற்றாண்டுகளில் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் பொது மன்னிப்பு வேண்டினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலையில் கனடா சென்று, கிறிஸ்தவர்கள் நடத்திய விடுதிப் பள்ளிகளில் பழங்குடிக் குழந்தைகள் பட்ட துன்பத்திற்காக அம்மக்களின் மண்ணிலேயே நின்று மன்னிப்புக் கேட்டார்.

இங்கே படத்தின் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். அன்னா அணையை உடைத்ததும் வெள்ளம் பெருகி வருகிறது. ஆனால் கடைசி நொடியில் எல்சா விரைந்து வந்து தன் ஆற்றலால் அதைத் தடுத்துவிடுகிறாள். நகரம் தப்புகிறது. பரிகாரம் செய்தவர்க்கு இழப்பு ஏதுமில்லை. தேர்ந்த பார்வையாளர் சிலர் இதைச் சுட்டிக்காட்டியது நேர்மையானதே. நற்செய்தியில் வரும் சக்கேயுவுக்கு இத்தகைய சலுகை கிடைக்கவில்லை. தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றிப் பெற்றதற்கு நான்கு மடங்கை உரியவர்க்கும் கொடுக்க அவர் முன்வந்தார். மீட்பு அவ்வீட்டில் நுழைந்தபோது பணப்பெட்டி இலேசாகிவிட்டது.

நம் மண்ணில்

நன்னிலத்துப் பிள்ளை ஒன்று இப்படத்தைப் பார்த்தால், அணையை உடைப்பது எப்படி நன்மையாகும் என்று திகைக்கும். நமக்கு அணை என்பது அன்னம் அளிக்கும் தாய். 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையைத் திறக்கும் ஜூன் 12ஆம் நாளைக் குறுவை உழவர் விழிமேல் விழி வைத்துப் பார்த்திருப்பர். இப்படம் வந்த 2019ஆம் ஆண்டில் அது ஆகஸ்ட் 13ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. காவிரி நீருக்காக எத்தனை ஆண்டுகள் வழக்காடினோம்! ஆகவே பிள்ளைக்கு விளக்க வேண்டியது இது: அணை தீயதன்று, பிறரைத் தன் காலடியில் வைத்திருப்பதற்காக நீரை அடைக்கும் நெஞ்சமே தீயது. தலைமடைக்காரர் மடையை அடைத்தால் கடைமடை காயும் என்பதை அறியாத உழவர் குடும்பம் இங்கு இல்லை. எடுத்துக்காட்டு நம் வயல் வரப்பிலேயே கிடைக்கிறது.

இன்னும் சற்று ஆழ்ந்து பார்த்தால், நம் முன்னோர் கட்டிய அணைகளும் கண்ணில் படும். நெற்களஞ்சியம் எனப் புகழ்பெற்ற இத்தஞ்சைத் தரணியில், விளைவித்தவன் பண்ணையாளாகப் பட்டினி கிடந்தான். அவனைக் காக்க 1952இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், நாம் பாலன் பிறப்பைக் கொண்டாடிய அதே இரவில், நன்னிலத்துக்குத் தென்கிழக்கே கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட மக்களுள் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து சாம்பலாயினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அத்துயரத்தின்பின் அங்கு வந்த காந்தியவாதிகளான ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியர், நிலவுடைமையாளரோடு பேசி, நியாய விலையில் நிலத்தைப் பெற்று, நிலமற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, அதுவும் பெண்களின் பெயரிலேயே, உரிமையாக்கினர். அணை உடைந்து நீர் பாய்ந்த கதைகளுள் இதுவும் ஒன்று.

இன்னும் உடையாதவையும் உள்ளன. தமிழகத்தின் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களிலேயே சாதியைக் காட்டும் சுவர்கள் எழுப்பப்பட்டன. திருமணப் பேச்சில், தேர்த் திருவிழா மரியாதையில், தனிக் குவளையில் அந்தப் பழைய அணையின் கற்கள் கிடக்கின்றன. இவற்றை நாம் கட்டவில்லை என்று சொல்லலாம். ஆனால் இவற்றின் நிழலில் இளைப்பாறுகிறோமா என்று ஒவ்வொரு குடும்பமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

படம் முடிந்த பிறகு

திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1936இலேயே திரைப்படத்தைப் பற்றித் தனிச் சுற்றுமடல் வெளியிட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றிய ஏட்டைத் தந்தது. தேர்ந்து பார்க்கும் பொறுப்பு பார்ப்போர்க்கும், பிள்ளைகளைக் கண்காணிக்கும் கடமை பெற்றோர்க்கும் உண்டு என்பதை அது வலியுறுத்துகிறது. தீயதைத் தடுப்பது மட்டுமே அக்கடமை என்று எண்ணிவிடுகிறோம். நல்லதைப் பார்த்தபின் அதைப்பற்றிப் பேசுவதும் அக்கடமையைச் சேர்ந்ததே. நகர்த் திரையரங்கில் பார்த்தாலும், வீட்டில் கைப்பேசியில் பார்த்தாலும், பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு மறுவேலைக்குப் போய்விடுகிறோம்.

பெற்றோரே, இவ்வகைப் படம் ஒன்றைப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். ஓலாஃப் மறையும்போது குழந்தை அழுதால், கண்ணீரைக் கண்டு அஞ்ச வேண்டாம். தாத்தாவின் மறைவைப் பற்றியோ, போன ஆண்டு இறந்த கன்றுக்குட்டியைப் பற்றியோ அது கேட்க நினைத்ததை அப்போது கேட்கும். சகோதரிகள் பிரிந்தது ஏன் என்று மகள் கேட்டால், படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் செல்லும் அக்காளும் அன்பில் குறைந்தவள் அல்லள் என்று சொல்லுங்கள். அன்னா ஏன் அணையை உடைத்தாள் என்று மகன் கேட்டால், அவசரப்பட்டு விடை சொல்ல வேண்டாம். நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று திருப்பிக் கேளுங்கள். அவன் சொல்வதைப் பொறுமையோடு கேளுங்கள்.

ஒருவேளை அவன், நம் வீட்டிலும் அப்படி ஏதேனும் உண்டா என்று கேட்கக்கூடும். விதைப்பவர் உவமையில் நூறு மடங்கு பலன் தந்தது நல்ல நிலம். நம் ஊரின் பெயரும் அதுவே. அக்கேள்வி விழும் இடமும் நல்ல நிலமாக இருக்கட்டும். அவனுக்கு உண்மையைச் சொல்லுங்கள்.