இயந்திரமில்லா விமானம்

காற்றுப் பருவம் வந்ததும் கரையோர ஊர்களிலே சிறுவர் கைகளிற் பட்டங்கள் தோன்றுகின்றன. வல்வெட்டித்துறையிலே தைப்பொங்கல் நாளில் நடைபெறும் பட்டப் போட்டி நாடெங்கும் பேர்பெற்றது. அம்பாறைக் கரையோரத்திலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என வரிசையாக அமைந்த ஊர்களிலும் கடற்காற்றிலே பட்டம் ஏற்றுதல் சிறுவர்க்கு உவப்பான விளையாட்டாகும். பட்டம் ஏற்றிய எவரும் ஒரு துயரத்தை அறிவர். நூல் அறுந்ததும் பட்டம் தள்ளாடித் தலைகுப்புற விழும். நிலைகுலைந்த வாழ்வை நூலறுந்த பட்டம் என்று உவமை கூறுவதும் இதனாலேயே. அவ்வாறாயின், நூலை விட்டபின்னும் நிலைகுலையாது மெல்ல மெல்ல இறங்கிவரும் பட்டம் ஒன்றைச் செய்தல் கூடுமா? இவ்வினாவுக்கு விடையாகப் பிறந்ததே கிளைடர் எனப்படும் இயந்திரமில்லா விமானம்.

அவ்விடையைக் கண்டவர் இங்கிலாந்திலே யோக்‌ஷயர் மாகாணத்தில் வாழ்ந்த சேர் ஜோர்ஜ் கேலி என்பவர். 1804ஆம் ஆண்டிலே அவர் ஒரு நீண்ட கம்பின்மீது சாதாரணக் காகிதப் பட்டம் ஒன்றைச் சற்றே சாய்வாகப் பொருத்தினார். கம்பின் பின்முனையிலே திருப்பக்கூடிய வால் ஒன்றை அமைத்தார். முன்முனையிலே இடம் மாற்றக்கூடிய ஒரு பாரத்தை வைத்தார். சிறகு, வால், பாரம் என்னும் இம்மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்தபோது அப்பட்டம் நூலின்றியே மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒழுங்காகப் பறந்து இறங்கியது. இன்று பெட்டியிலே பாகம் பாகமாக வந்து, வீட்டு மேசையிலே பொருத்தப்பட்டு, வானொலி அலையால் ஆளப்படும் மாதிரிக் கிளைடரும் அடிப்படையில் கேலியின் அந்தப் பட்டமே.

வாலின் அருமையை உணர்த்தும் பழைய வரலாறு ஒன்றும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டிலே ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு பிர்னாஸ் உடலிலே இறகுகளைப் போர்த்துச் சிறகு கட்டிப் பறக்க முயன்றார் என்றும், சிறிது தூரம் பறந்து இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்றும் பதினேழாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அல்-மக்கரி எழுதியுள்ளார். பறவை இறங்கும்போது வாலின் துணைகொண்டே இறங்குகிறது என்பதை அவர் கருதாது, தமக்கு வால் அமைக்க மறந்தமையே அதற்குக் காரணம் என்றும் அவ்வாசிரியர் குறிப்பிடுகிறார்.

இயந்திரமின்றி ஒரு விமானம் எவ்வாறு முன்னே செல்லும் என்ற ஐயம் எழுதல் இயல்பு. மேட்டு நிலத்திலே மிதியாமல் விட்ட சைக்கிள் தன் பாரத்தினாலேயே சரிவிலே ஓடுவதுபோல, கிளைடரும் தன் பாரத்தினாலேயே காற்றென்னும் சரிவில் வழுக்கிச் செல்கிறது. இரண்டு மீற்றர் அகலச் சிறகும் 700 முதல் 900 கிராம் வரை எடையும் கொண்ட சாதாரண மாதிரிக் கிளைடர், ஒரு மீற்றர் உயரம் இறங்குவதற்குள் ஏறக்குறையப் பத்து மீற்றர் அல்லது அதற்கும் மேற்பட்ட தூரம் முன்னே சென்றுவிடும். ஆகவே பாரமே அதன் இயந்திரம். அந்தப் பாரத்தை உரிய இடத்தில் வைத்துச் சிறகுகளை நேராக அமைப்பதே கிளைடர் கட்டும் கலையின் உயிர்நாடி.

பெட்டியைத் திறந்தால் அளவாக வெட்டிய பால்சா மரத்துண்டுகள், முழு அளவு வரைபடம், உருக்குக் கம்பிகள், சிறகின்மேல் ஒட்டும் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஆகியவை காணப்படும். பால்சா என்பது தென் அமெரிக்காவிலே, சிறப்பாக எக்குவடோர் நாட்டிலே, மிகுதியாகப் பெறப்படும் மரம். தண்ணீரின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே அதன் எடை. 1947ஆம் ஆண்டிலே தோர் ஹெயர்டால் என்னும் நோர்வே நாட்டவர் பால்சா மரங்களைப் பிணைத்துக் கட்டிய கொன்-ரிக்கி என்னும் தெப்பத்திலே பெருநாட்டிலிருந்து புறப்பட்டு, 101 நாள் பசிபிக் கடலிலே பயணஞ் செய்தார். கடலில் மிதந்த அதே மரந்தான் இங்கு காற்றில் மிதக்கிறது.

வேலையை ஆரம்பிக்குமுன் தேவையானது கோணலற்ற பலகை. பலகை வளைந்திருந்தால் சிறகும் வளையும். பலகையின்மேல் வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாதிருக்க அதன்மேல் மெல்லிய பொலித்தீன் தாளைப் பரப்பி, மரத்துண்டுகளைக் குண்டூசிகளால் இருத்தி ஒட்டுதல் வேண்டும். தோணி கட்டுபவர் நெடுமரத்தின்மேல் விலாக்களை நிறுத்துவதுபோலச் சிறகிலும் நீண்ட தாங்குசட்டத்தின்மேல் விலாக்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. வெண்பசை இட்டால் ஓர் இரவு முழுவதும் ஊசியை எடுத்தலாகாது. இரு சிறகுகளும் நடுவிற் சேரும் மூட்டுக்கு மட்டும் வலிமை மிக்க எப்பொக்சிப் பசை வேண்டும். பறக்கும்போது முழுப்பாரமும் அங்கேயே தங்குகிறது. விரைவாக இறுகும் பசைகளின் ஆவி கண்ணையும் மூக்கையும் கரிக்குமாதலின் சாளரத்தைத் திறந்து வைத்தல் நன்று.

சிறகுகள் இரண்டும் நுனியிலே சற்று மேலெழுந்து ஆழமற்ற கிண்ணம்போலத் தோன்றுதல் வேண்டும். விமானம் ஒருபுறம் சாயும்போது, தாழ்ந்த சிறகு மிகுதியான தாங்குவலிமை பெற்று மீண்டும் எழுவதற்கு இவ்வமைப்பு உதவுகிறது. பின்னர் தாள் ஒட்டும் வேலை. அளவான சூடேற்றிய இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் தாள் சுருங்கி மத்தளத் தோல்போல விறைக்கும். இங்கே மருதமுனை நெசவாளரின் கைத்திறனை நினைவுகூரலாம். தறியிலே பாவு நூல் ஒருபுறம் இறுகி மறுபுறம் தளர்ந்தால் துணி கோணும். அவ்வாறே தாளும் ஒரு பக்கம் மிகுதியாக இறுகினால் சிறகு முறுகும். முடிந்த சிறகைக் கைநீட்டிப் பிடித்துப் பின்புறமிருந்து நோக்கினால் முறுகல் உடனே புலப்படும். முறுகிய சிறகை எதிர்ப்புறமாக மெல்லத் திருப்பிப் பிடித்து மீண்டும் சூடு காட்டினால் அது நேராகும். வாலின் குறுக்குச் சிறகும் பெருஞ்சிறகும் பின்னிருந்து பார்க்கையில் ஒரே மட்டத்தில் இருத்தலும் அவசியம்.

இனி வானொலியின் பங்கு. 1898ஆம் ஆண்டிலே நிக்கோலா டெஸ்லா நியூயோர்க் நகரிலே சிறு படகு ஒன்றைக் கம்பியின்றியே செலுத்திக் காட்டினார். 1930களின் பிற்பகுதியிலே அமெரிக்க நாட்டு இரட்டையர் வால்டர் குட், வில்லியம் குட் ஆகியோர் மாதிரி விமானம் ஒன்றை வானொலியால் ஆண்டு வழிகாட்டினர். வீட்டு வானொலிப் பெட்டியிலே குரலைக் கொண்டுவருவதும் மின்காந்த அலையே; கிளைடருக்குக் கட்டளையைக் கொண்டு செல்வதும் அதே இனத்து அலையே. பறப்பவரின் கையிலுள்ள அலைபரப்பி விடுக்கும் கட்டளையைக் கிளைடரினுள்ளே இருக்கும் அலைவாங்கி ஏற்று, சேர்வோ எனப்படும் சிறு மின்னோடிகளுக்கு அனுப்புகிறது. கட்டளை ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 50 துடிப்புகளாகச் செல்கிறது. துடிப்பு ஒன்றரை மில்லிசெக்கன் நீடித்தால் சேர்வோ நடுவில் நிற்கும். ஒரு மில்லிசெக்கனாகக் குறைந்தால் ஒரு பக்கமும், இரண்டாகக் கூடினால் மறுபக்கமும் திரும்பும். ஒரு சேர்வோ வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும். மற்றொன்று மூக்கை ஏற்றவும் இறக்கவும் உதவும் உயர்த்தியை அசைக்கும். ஆரம்பநிலைக் கிளைடருக்கு இவ்விரண்டும் போதும்.

பாகங்கள் யாவும் சேர்ந்தபின் வருவதே முதன்மையான வேலை, சமநிலை பார்த்தல். சிறகின் அகலம் 20 சென்றிமீற்றர் என்றால், முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய 7 சென்றிமீற்றர் பின்னே, வரைபடம் குறித்த இடத்திலே, இரு விரல் நுனிகளால் கிளைடரைத் தாங்கிப் பார்த்தல் வேண்டும். அது மட்டமாக நின்றாலும், மூக்கு மிகச் சிறிதே தாழ்ந்தாலும் நன்று. வால் தாழ்ந்தால் பறக்கவிடுதலே ஆகாது. மூக்கு குறுகியது, வால் நீண்டது. வால் மூன்று மடங்கு தூரத்தில் இருந்தால், அங்கே கூடிய 10 கிராமை ஈடுசெய்ய மூக்கிலே 30 கிராம் வைக்க வேண்டும். இதனாலேயே தேர்ந்தவர் வாற்பகுதியிற் பசையைக்கூட எண்ணி எண்ணி இடுவர். பாரமான பற்றரியை மூக்கின் உள்ளே செருகுவர்.

மேசையிலே நேர்ந்த கோணலை வானொலியாலே திருத்திவிடலாம் என்று எண்ணுதல் பலருக்கு நேரும் மயக்கம். முறுகிய சிறகைச் சுக்கானால் ஓயாது எதிர்த்துப் பிடிக்கையில் வேகம் குறையும். வேகம் குறைந்தால் தாங்குவலிமை போய், விமானம் சுழன்று விழும். பல வார உழைப்பு ஒரு நொடியிலே சிதறுவதோடு, கீழே நிற்பவர்க்கும் தீங்கு நேரலாம். ஆகவே முதற் சோதனை புல்தரையிலேயே நடத்தப்படல் வேண்டும். காற்று வரும் திசை நோக்கி, தலை உயரத்திலிருந்து, மட்டமாகவும் நேராகவும் கிளைடரை மெல்ல எறிதல் முறை. உடனே தரை நோக்கிப் பாய்ந்தால் மூக்கு பாரம். எழுந்து, தயங்கி, மீண்டும் விழுந்தால் வால் பாரம். ஐந்தைந்து கிராமாகக் கூட்டியும் குறைத்தும், நீண்ட சரிவாக வழுக்கிச் செல்லும்வரை இச்சோதனையைத் தொடர்தல் வேண்டும்.

பின்னரே உயரப் பறத்தல். நீண்ட இரப்பர்க் கயிற்றையும் நூலையும் இணைத்து, ஒரு முனையை நிலத்தில் அறைந்து, மறுமுனை வளையத்தைக் கிளைடரின் வயிற்றுக் கொக்கியில் மாட்டி இழுத்துவிட்டால், கிளைடர் முதலிற் பட்டம்போலவே மேலேறும். உச்சியை அடைந்ததும் வளையம் தானே கழன்று விழும். பட்டத்திலே மூன்று நூல் கூடும் முச்சையின் இடம் எவ்வளவு நுட்பமானதோ, கொக்கியின் இடமும் அவ்வளவு நுட்பமானது. சமநிலைப் புள்ளிக்குச் சற்று முன்னே அது அமைதல் வேண்டும். நூல் கழன்ற அந்தக் கணத்திலேதான் மேசை வேலையின் தரம் வெளிப்படும்.

கிளைடர் கட்டுவோர் நிலமும் காற்றும் அறிந்திருத்தல் வேண்டும். மலைநாட்டிலே குன்றின் சரிவில் மோதி மேலெழும் காற்று கிளைடரைத் தாங்கும். கல்முனைக் கரையோரமோ சமதரை. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. இங்கே கிளைடரைத் தாங்குவது வெயிலிற் காய்ந்த நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்று. பெரும்போக வெட்டு முடிந்து காய்ந்துகிடக்கும் வட்டைகளின்மேல், முற்பகல் வேளையிலே பருந்து சிறகசைக்காது வட்டமிட்டு உயர்வதைக் காணலாம். அப்பறவை காட்டும் இடமே கிளைடருக்கும் ஏணி. கச்சான் காற்று கடுமையாக வீசும் மாதங்களிலே கடற்கரையிற் பறக்கவிடுதல் தவறு. கச்சான் தரையிலிருந்து கடல் நோக்கி வீசுவது. அதன் வசப்பட்ட கிளைடருக்குத் திரும்பிவர இயந்திரம் இல்லை. கடலிலிருந்து தரைக்கு வீசும் மெல்லிய காற்றுள்ள வேளையே ஏற்றது. அப்போதும் கரைவலை இழுப்போரும் மக்கள் கூட்டமும் மின்கம்பிகளும் இல்லாத வெளியைத் தேர்தல் வேண்டும்.

ஆளில்லாப் பறப்புக் கருவிகளுக்கு இலங்கையிலே சட்டவிதிகள் உள. 2019 ஏப்ரில் மாதத்திலே அவற்றுக்கு நாடளாவிய தடையும் விதிக்கப்பட்டது. ஆதலின் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளை அறிந்து, ஊர்ப் பொலிசாருக்கும் தெரிவித்த பின்னரே பறக்கவிடுதல் பொருந்தும்.

பறக்குமுன் அலைபரப்பியை முதலிலும் அலைவாங்கியைப் பின்னரும் இயக்குதல் வேண்டும். இறக்கியபின் அலைவாங்கியை முதலில் நிறுத்துதல் வேண்டும். கிளைடர் பறப்பவரை நோக்கி வரும்போது இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தோன்றி மயக்கும். அப்போது எப்பக்கச் சிறகு தாழ்கிறதோ அப்பக்கமாகவே கைப்பிடியைத் தள்ளினால் விமானம் நிமிரும். விழும் சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல என்று இதனை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

விலையுயர்ந்த கருவியும் விரைந்த கையும் கிளைடரைப் பறக்கவைப்பதில்லை. நேரான பலகை, பொறுமையாக உலரவிட்ட பசை, எண்ணி வைத்த பாரம் ஆகியவையே அதனை வானிலே நிலைநிறுத்துகின்றன. நூலுள்ளவரை எப்பட்டமும் பறக்கும். நூல் விட்டபின்னும் பறப்பதற்குரிய ஒழுங்கை அதனுள்ளே முன்கூட்டியே அமைத்துவிடுவதே கட்டுபவரின் கடன்.